எந்த வரியில் பிழை?

ப்ளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸில் சென்டம் எடுக்கக் கம்ப்யூட்டர் வேண்டியதில்லை. கேலிக்குச் சொல்லவில்லை. சிவகாசிப் பக்கத்தில் அரசு உதவி பெறும் பள்ளியொன்றில் கால் நூற்றாண்டு இந்தப் பாடத்தை நடத்தியவள் சொல்கிறேன். மொத்தம் 200 மதிப்பெண் இருந்த காலத்தில் எழுத்துத் தேர்வு 150க்கு. அதில் சரிபாதி, 75 கேள்விகள், ஒரு மதிப்பெண் வகை. பாடத்தின் கடைசியில் உள்ள புக் பேக் கேள்விகள், பாடத்துக்கு உள்ளிருந்து வரும் இன்டீரியர் கேள்விகள், பழைய வினாத்தாள் மூன்றையும் உருப்போட்ட பிள்ளை எழுபதைச் சுலபமாகத் தாண்டிவிடும். செய்முறைக்கு 50. அது ஏறக்குறைய எல்லோருக்கும் முழுசாக விழும். இப்படிச் சென்டம் எடுத்து, பத்திரிகையில் போட்டோவும் வந்து, இன்ஜினீயரிங் சேர்ந்த பிள்ளைகள் தீபாவளி லீவுக்கு ஊருக்கு வரும்போது என்னைப் பார்க்க வருவார்கள். “டீச்சர், காலேஜ்ல ஒரு லூப் எழுதச் சொன்னா கை ஓடல” என்பார்கள்.

ஏன் ஓடவில்லை என்று எங்கள் லேபைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போனால் ஐம்பது பிள்ளைகளுக்கு எட்டு மெஷின். அதிலும் ஒன்றிரண்டு எப்போதும் துணி போர்த்திக் கிடக்கும். ஒரு மெஷினுக்கு ஏழெட்டுப் பேர் என்றால் கீபோர்டு ஒருவன் கையில்தான் இருக்கும். அந்த ஒருவன் யார் என்பது ஜூன் மாதத்திலேயே முடிவாகிவிடும். பெண் பிள்ளைகள் தனிக் குழு என்பதால் அங்கேயும் ஒரு மகாராணி உண்டு. மற்றவர்கள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, நான் ஏற்கெனவே திருத்திக் கையெழுத்துப் போட்ட ரெக்கார்டு நோட்டிலிருந்து புரோகிராமை வாய்விட்டு வாசிப்பார்கள். ஒருத்தி வாசிக்க, ஒருத்தி தட்டுவாள். எங்கேயோ ஒரு செமிகோலன் விட்டுப்போகும். டர்போ சி++ ‘ஸ்டேட்மென்ட் மிஸ்ஸிங்’ என்று சொல்லி ஒரு வரியைக் காட்டும். காட்டுகிற வரியில் பிழை இருக்காது. அதற்கு முந்தின வரியில் இருக்கும். செமிகோலன் இல்லை என்பதே அடுத்த வரிக்குப் போன பிறகுதான் கம்பைலருக்குத் தெரியும் என்பதை ஒரு பிள்ளை தானாகக் கண்டுபிடிக்க அரைமணி நேரம் ஆகலாம். அந்த அரைமணிதான் பாடம். ஆனால் பீரியட் மொத்தமே நாற்பத்தைந்து நிமிஷம். கரன்ட் போனால் யூபிஎஸ் கத்த ஆரம்பிக்கும். ஆகவே எந்த ஆசிரியரும் செய்வதையே நானும் செய்தேன்: குனிந்து ஒரு தட்டுத் தட்டிச் சரிசெய்துவிட்டு அடுத்த மெஷினுக்கு ஓடினேன். பிழையைப் பார்த்தது நான், திருத்தியதும் நான். பிள்ளைக்கு அவுட்புட் மட்டும் கிடைத்தது.

பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு முப்பது தாண்டியிருந்தது. அதற்கு முன் ஊரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டாஸ், லோட்டஸ், ஃபாக்ஸ்புரோ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சென்டரில் மணிக்குக் காசு கொடுத்தவர் மெஷின் முன்னால் தனியாக உட்கார்ந்தார். தப்பும் தவறுமாகத் தட்டித் தானே கற்றுக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் பாடம் இலவசம், மெஷின் பொது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் என்னவென்று எனக்கு ரொம்ப நாள் புரியாமலேயே உறுத்திக்கொண்டிருந்தது.

பாடப்புத்தகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் தொகுதி ஸ்டார் ஆபீஸ், இரண்டாம் தொகுதி சி++. எந்த மெனுவைத் திறந்து எந்தக் கட்டளையைச் சொடுக்க வேண்டும் என்பதைப் பிள்ளைகள் காகிதத்தில் படிப்படியாக எழுதுவார்கள், ஐந்து மதிப்பெண். ஸ்டார் ஆபீஸை வைத்திருந்த சன் மைக்ரோசிஸ்டம்ஸை 2010ல் ஆரக்கிள் வாங்கியது. அடுத்த வருஷமே அந்த மென்பொருளுக்கு மூடுவிழா நடத்திவிட்டார்கள். எங்கள் பிள்ளைகள் மட்டும் 2019 மார்ச் வரை அதன் மெனுக்களை மனப்பாடம் செய்து தேர்வெழுதினார்கள். சி++ கதையும் அப்படித்தான். 1998ல் அந்த மொழிக்குச் சர்வதேசத் தரம் நிர்ணயித்தபோதே கழற்றிவிட்ட ‘ஐஓஸ்ட்ரீம் டாட் ஹெச்’ என்ற தலைப்பு வரியை எங்கள் பிள்ளைகள் அதற்குப் பிறகு இருபது வருஷம் எழுதினார்கள்.

2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் வந்தது. எங்கள் பள்ளியில் பிள்ளைகள் கைக்கு அது வந்து சேர்வது பெரும்பாலும் வருஷக் கடைசியில்தான். படத்துக்கும் பாட்டுக்கும்தான் உதவுகிறது என்று ஊரே பேசியது. நானும் அதை மறுக்கமாட்டேன். ஆனால் ஒரு பையனை மறக்க முடியவில்லை. பைண்டிங் வேலை பார்ப்பவரின் மகன். மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. யாரோ அண்ணன்காரன் சொல்லிக்கொடுத்து அதில் சி++ கம்பைலரை நிறுவியிருக்கிறான். புத்தகத்தில் உள்ள முதல் புரோகிராமை அப்படியே அடித்தால் முதல் வரியிலேயே பிழை.

“டீச்சர், புக்கு தப்பா, மெஷின் தப்பா?” என்று கேட்டான்.

எங்கள் லேபில் இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி அது. தனியாக ஒரு மெஷின் முன்னால், அவசரமில்லாமல், தன் பிழையோடு தானே உட்கார்ந்திருந்தவனுக்குத்தான் அந்தக் கேள்வி தோன்றியது. சென்டரில் காசு கொடுத்து உட்கார்ந்தவர்களுக்குக் கிடைத்தது என்னவென்று எனக்கும் அன்றைக்குத்தான் பிடிபட்டது.

அடுத்த பெரிய மாற்றம் 2018–19ல் ப்ளஸ் ஒன்னுக்கும், அதற்கடுத்த வருஷம் ப்ளஸ் டூவுக்கும் வந்த புதிய பாடத்திட்டம். மொத்த மதிப்பெண் 1200லிருந்து 600 ஆனது. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு எழுத்து 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. சி++ கீழிறங்கிப் பதினொன்றுக்குப் போனது. பன்னிரண்டில் பைத்தான் வந்து உட்கார்ந்தது. புத்தகத்தின் ஒவ்வொரு பாடத்திலும் க்யூஆர் கோடு. அப்போது எனக்கு ஐம்பத்தைந்து வயசு. பைத்தானில் ஒரு வரிகூட எழுதியதில்லை.

நான் ஆன்லைன் மாணவியானது, பன்னிரண்டுக்குப் பைத்தான் வந்த அந்தக் கோடை விடுமுறையில். துறை கொடுத்த பயிற்சி சில நாள்களில் முடிந்துவிட்டது. மீதியை ராத்திரியில் வீட்டில் கற்றுக்கொண்டேன். சென்னைக் கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த் என்பிடெல் இணையதளத்தில் நடத்தும் பைத்தான் பாடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் தமிழிலேயே கிடைத்தது. பத்து நிமிஷத் துண்டுகள். ஒரு பாதித் திரையில் வீடியோ, மறுபாதியில் நாம் செய்துபார்க்க வேண்டும். பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தால் நகரவே முடியாதபடி அமைத்திருந்தார்கள். கணியம் இதழ் வெளியிட்ட ‘எளிய தமிழில்’ வரிசைப் புத்தகங்கள் டேட்டாபேஸ் பகுதிக்குக் கைகொடுத்தன. முகுந்த் சாரின் விளக்கம் தெளிவு. ஆனால் என் நிரல் ஓடாதபோது அவரிடம் கேட்க முடியாது. யூடியூபில் ஆயிரம் பேர் பாடம் நடத்துகிறார்கள். என் பதினோராவது வரியில் ஏன் இன்டென்டேஷன் பிழை என்று பார்த்துச் சொல்ல ஒருத்தர் இல்லை. பள்ளியில் படித்துக்கொண்டிருந்த என் அண்ணன் மகள்தான் வந்து, “அத்தை, இங்க டேபும் ஸ்பேஸும் கலந்திருக்கு” என்றாள். கண்ணுக்குத் தெரியாத பிழை. இரண்டு ராத்திரி போயிருந்தது.

புதிய புத்தகம் பழையதைவிட எவ்வளவோ மேல். அல்காரிதம் பற்றிய பாடம், தேடல், வரிசைப்படுத்தல் எல்லாம் கல்லூரித் தரம். ஆனாலும் நம் புத்தகங்களுக்கே உரிய குணம் எங்கேயாவது எட்டிப்பார்க்கும். பைத்தானுக்குள்ளிருந்து சி++ புரோகிராமைக் கூப்பிட்டு ஓட்டும் பாடம் ஒன்று உண்டு. அதை லேபில் ஓடவைக்க நாங்கள் பட்ட பாடு ஆசிரியர் குழுக்களில் தனி இலக்கியம். கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் என்ற இன்னொரு பாடத்தின் புத்தகத்தில் பேஜ்மேக்கர் இருக்கிறது. சிவகாசியில் பேஜ்மேக்கர் தெரியாத தெரு கிடையாது, ஒருகாலத்தில். அதன் கடைசிப் பதிப்பு 2001ல் வந்தது. எங்கள் ஊர் பிரஸ்களில் அதை மூட்டை கட்டிப் பல வருஷம் ஆன பிறகு, பிரஸ் முதலாளி வீட்டுப் பிள்ளை அதைப் பாடமாகப் படித்தது. “எங்கப்பா சிரிக்கிறாரு டீச்சர்” என்றது.

அப்புறம் 2020.

மார்ச்சில் பள்ளியை மூடினோம். கல்வித் தொலைக்காட்சி அதற்கு முந்தின ஆகஸ்டிலேயே ஆரம்பித்திருந்ததால் அரசிடம் ஓரளவு பாட வீடியோக்கள் கைவசம் இருந்தன. ஜூலையில் ப்ளஸ் டூ பிள்ளைகள் மடிக்கணினியோடு பள்ளிக்கு வந்து, அந்தப் பாடங்களை ஏற்றிக்கொண்டு போக ஏற்பாடு. முகக்கவசத்தோடு இடைவெளி விட்டு வரிசையில் நின்றார்கள். மடிக்கணினி இல்லாதவர்கள், இருந்தும் பேட்டரி செத்தவர்கள், அடகு வைத்தவர்கள் எல்லோரும் அந்த வரிசையில் இல்லாததைக் கவனித்தேன். எங்கள் பள்ளியின் ப்ளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரிவில் ஓடுகிற மடிக்கணினி வைத்திருந்தவர்கள் பாதிக்கும் குறைவு. மற்றவர்களிடம் ஒரு போன். அதுவும் அப்பாவுடையது. அவர் வேலை முடிந்து வரும்போதுதான் போனும் வீட்டுக்கு வரும். அண்ணன் தம்பி இருக்கிற வீட்டில் தங்கைக்குக் கடைசி முறை. ஆகவே பகல் பத்து மணிக்குக் கூகுள் மீட் என்று அட்டவணை போட்டால் வகுப்புக்கு எட்டு பேர் வந்தார்கள். ராத்திரி எட்டரைக்கு மாற்றினேன்; முப்பது பேர் வந்தார்கள். ஒரு மாதத்தில் மீட்டையும் விட்டேன். டேட்டா அத்தனை பேருக்குக் கட்டுப்படியாகவில்லை. வாட்ஸாப்தான் வகுப்பறை.

வாட்ஸாப்பில் புரோகிராமிங் நடத்துவது எப்படி? முதல் சில வாரம் எல்லோரும் செய்ததையே செய்தேன்: குரல் பதிவில் விளக்கம், போர்டு போட்டோ, வீடியோ லிங்க். பிள்ளைகள் நோட்டில் எழுதிப் படம் பிடித்து அனுப்புவார்கள். சிவப்பு மையில் சரி போட்டுத் திருப்பி அனுப்புவேன். ரெக்கார்டு நோட்டு வேலையேதான், செருப்பைக் கழற்றாமல்.

ஒரு நாள் ராத்திரி ஒரு பிள்ளை கையால் எழுதி அனுப்பிய புரோகிராமை, திருத்தாமல், அப்படியே என் மடிக்கணினியில் தட்டி ஓட்டினேன். வந்த பிழைச் செய்தியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். “நீ எழுதினத அப்படியே தட்டினேன்மா. மெஷின் இப்படிச் சொல்லுது. என்ன செய்யலாம்னு நீ சொல்லு.” பத்து நிமிஷத்தில் ஆறாவது வரியை மாற்றி எழுதிப் படம் அனுப்பினாள். மறுபடி தட்டினேன். வேறு பிழை. மறுபடி அனுப்பினேன். பதினொன்றரை மணிக்கு ஓடியது. அவள் வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. பள்ளி திறக்கும்வரை அவள் விரல் ஒரு கீபோர்டைத் தொடவில்லை. ஆனால் எட்டு மெஷின் லேபில் படித்த எந்தப் பிள்ளையையும்விட அவளுக்குப் பிழைச் செய்தி வாசிக்கத் தெரிந்தது.

அதையே முறையாக வைத்துக்கொண்டேன். சொல்வதற்குச் சுலபம். கையெழுத்தில் உள்ள பிழையைப் பிழையாகவே தட்டுவது எவ்வளவு கஷ்டம் என்பது செய்துபார்த்தால்தான் தெரியும். இருபது வருஷம் பழகிய விரல், பிள்ளை விட்ட கோலனைத் தானாகவே போட்டுவிடும். போட்டதை அழிக்க வேண்டும். ஒரு ராத்திரிக்கு ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு மேல் முடியாது. முறை வைத்துத்தான் வரவழைத்தேன்.

போனிலேயே பைத்தான் ஓட்டலாம் என்பது ஒரு பையன் சொல்லித் தெரிந்தது. பைட்ராய்டு என்று ஒரு ஆப். நிறுவிவிட்டால் இன்டர்நெட் இல்லாமலே ஓடும். நல்ல செய்திதான். ஆனால் போன் கீபோர்டு மனுஷர்கள் கடிதம் எழுதுவதற்காகச் செய்தது. சில போன்களில் வரியின் முதல் எழுத்தைத் தானே பெரிய எழுத்தாக்கிவிடும். ‘பிரின்ட்’ பெரிய பி-யில் ஆரம்பித்தால் பைத்தானுக்கு அது யாரென்றே தெரியாது. ‘எலிஃப்’ என்று அடித்தால் அகராதியில் இல்லையென்று வேறு சொல்லாக மாற்றிவைக்கும். நேர்க்கோட்டு மேற்கோள் குறி வளைந்த குறியாகிவிடும். நான்கு ஸ்பேஸ் அடிக்கக் கட்டை விரல் வலிக்கும். பாதிப் பிழைகள் பிள்ளையுடையவை அல்ல, போனுடையவை. எது யாருடைய பிழை என்று பிரித்துச் சொல்வதே ஒரு பாடமாகிவிட்டது. கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆன்லைனில் படிக்கப் போன் போதுமா என்று இன்றைக்கும் பெற்றோர் கேட்கிறார்கள். பார்க்கப் போதும். எழுதப் போதாது. செகண்ட் ஹேண்டில் நாலு ஜிபி ரேம் உள்ள மடிக்கணினி கிடைத்தால் ப்ளஸ் டூவுக்கு அது தாராளம். பைத்தானும் மைஎஸ்க்யூஎல்லும் அதற்கு மேல் எதுவும் கேட்பதில்லை.

பொதுத்தேர்வுக்குப் போகிற பிள்ளைகளுக்கு 2021 ஜனவரி 19 அன்று பள்ளி திறந்தது. லேபைத் திறந்து வைரஸுக்குப் பயந்து மருந்து தெளித்து, ஒரு மெஷினுக்கு ஒருத்தர் என்று உட்காரவைத்தோம். கொரோனா புண்ணியத்தில்தான் எங்கள் பள்ளிச் சரித்திரத்தில் முதன்முறையாக ஒரு பிள்ளைக்கு ஒரு கீபோர்டு கிடைத்தது என்று சக ஆசிரியர்களிடம் சொல்லிச் சிரித்தேன். பாடத்தைக் குறைத்திருந்தார்கள். ஜூனில் எழுத்துத் தேர்வே ரத்தானது. பத்தாம் வகுப்பு 50 சதவீதம், ப்ளஸ் ஒன் 20, ப்ளஸ் டூ செய்முறையும் அகமதிப்பீடும் 30 என்று கூட்டி மதிப்பெண் கொடுத்தார்கள். பதினொன்றரை மணிவரை விழித்திருந்தவளுக்கும் அந்த வருஷம் போனையே எடுக்காதவனுக்கும் அதில் பெரிய வித்தியாசம் இல்லை. வேறு வழியும் இருக்கவில்லை.

அந்தக் காலத்தில்தான் இன்னொரு கூத்தும் நடந்தது. ஆறு வயசுக் குழந்தை கோடிங் கற்றால் கோடீஸ்வரன் ஆகும் என்று விளம்பரங்கள் பறந்தன. பெயர் எதற்கு; எல்லோரும் பார்த்ததுதான். எங்கள் தெருவில் ஒரு அம்மா சீட்டுப் பணத்தை எடுத்து ஏழாவது படிக்கும் மகனுக்கு அப்படி ஒரு வகுப்பில் கட்டினார். பையன் வண்ணக் கட்டங்களை இழுத்து ஒட்டி ஒரு விளையாட்டு செய்து காட்டினான், சான்றிதழ் வந்தது. கட்டத்தை ஒன்று கழற்றிவிட்டு “இப்ப என்னப்பா ஆகும்?” என்று கேட்டேன். “மிஸ் சொல்லித் தரலையே” என்றான். அந்த அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. கட்டிய பணம் திரும்பாது.

ஓய்வு பெற்ற பிறகு மாலையில் ஆன்லைனில் வகுப்பெடுக்கிறேன். ஒரு பேட்ச்சுக்கு ஐந்து பேர். நம் மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைகளும் உண்டு, சிபிஎஸ்இ-யின் கம்ப்யூட்டர் சயின்ஸ் (083) படிக்கிறவர்களும் உண்டு. துபாயிலிருந்தும் மஸ்கட்டிலிருந்தும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் வருகிறார்கள். அங்கேயும் நம் சிபிஎஸ்இ பள்ளிகள்தான். ஐந்து ஏன் ஐம்பதாகக் கூடாது என்று மாப்பிள்ளை கேட்கிறார். வீடியோவாக எடுத்துப் போட்டால் ஐயாயிரம் பேர்கூட வருவார்கள் என்கிறார். வருவார்கள். பாடம் நடத்துகிற வீடியோவுக்கு இந்த நாட்டில் பஞ்சமே இல்லை. நான் நடத்துவது வேறு.

என் வகுப்பில் என் திரையை நான் பகிர்வதில்லை. பிள்ளைதான் தன் திரையைப் பகிர வேண்டும். மைக்கை அணைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன். கேமராவை முகத்துக்கு நேராக வைக்கச் சொல்வதில்லை. நோட்டைப் பார்த்துக் கவிழ்த்துவைக்கச் சொல்வேன். முகம் பொய் சொல்லும், நோட்டு சொல்லாது. கர்சர் எங்கே தயங்குகிறது, எந்த வரியை அடித்து அழிக்கிறாள், பிழைச் செய்தி வந்தால் வாசிக்கிறானா அல்லது கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் அழிக்கிறானா என்பதெல்லாம் தெரிகிறது. லேபில் குனிந்து பார்த்த காலத்தில் இதில் ஒன்றும் எனக்குத் தெரிந்ததில்லை. ஆன்லைனால் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இது ஒன்றுதான். அதையும் ஐந்து பேருக்கு மேல் பார்க்க எனக்குக் கண் கிடையாது.

முதல் நாள் எல்லோருக்கும் ஒரே கணக்கு: இரண்டு எண்களை வாங்கிக் கூட்டிக் காட்டு. ஐந்தும் ஆறும் கொடுத்தால் பாதிப் பேருக்கு 56 வரும். பைத்தானில் ‘இன்புட்’ கொடுப்பது எண் இல்லை, எழுத்துச் சரம்; கூட்டினால் ஒட்டிக்கொள்ளும். இதில் பிழைச் செய்தியே வராது. 56 என்று திரை அமைதியாகச் சொல்லும். அதைப் பார்த்துச் சந்தோஷமாக அடுத்த கணக்குக்குப் போகிறவர்களும் உண்டு. நின்று “என்ன இது?” என்று கேட்கிற பிள்ளையை இரண்டு மாதத்தில் தேற்றிவிடலாம். மற்றவர்களுக்கு ஆறு மாதம்.

பழைய வீடியோக்கள் செய்யும் தொல்லை தனி. பைத்தானின் இரண்டாம் பதிப்புக்கு 2020 ஜனவரி முதல் தேதியோடு ஆதரவு நின்றுவிட்டது. வீடியோக்கள் நிற்கவில்லை. அடைப்புக்குறி இல்லாத ‘பிரின்ட்’டைப் பார்த்து அடித்துவிட்டு, “மேம், அவருக்கு ஓடுது, எனக்கு ஓடல” என்று வருவார்கள். வீடியோவின் தேதியைப் பார்க்கும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே உண்டாக்கிவிடுகிறேன். இன்னொன்றும் பட்டுத் தெரிந்துகொண்டேன்: இலவசமாகக் கிடைக்கிறதே என்று ஒரே இணையச் சேவையில் வகுப்பு முழுவதையும் கட்டிவைக்கக் கூடாது. பிள்ளைகளின் நிரல்களையெல்லாம் ஒரு தளத்தில் சேர்த்துவைத்திருந்தேன். பள்ளிகளுக்கான இலவசப் பிரிவை ஒரு நாள் எடுத்துவிட்டார்கள். இப்போது எல்லாம் அவரவர் கணினியில், அவரவர் ஃபோல்டரில்.

மனசார ஒரு கருவியைச் சொல்வதானால் ஃபிலிப் குவோ உருவாக்கிய பைத்தான் டியூட்டரைச் சொல்வேன். ஒரு லிஸ்ட்டுக்கு இரண்டு பெயர் வைத்து, ஒன்றில் மாற்றினால் மற்றதிலும் மாறுவதை ப்ளஸ் டூ பிள்ளைக்கு வாயால் விளக்கி நான் ஜெயித்ததே இல்லை. அதில் வரிவரியாக ஓட்டினால் ஒரு பெட்டிக்கு இரண்டு அம்புக்குறி போவது தெரியும். மஸ்கட் பையன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டு, தன் பள்ளி டெஸ்டில் தப்பாகப் போன விடையைத் தானே தோண்டியெடுத்து விளக்கினான்.

2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்தது. இரண்டே மாதத்தில் வீட்டுப்பாடங்கள் பளபளக்க ஆரம்பித்தன. ஃபார் லூப்பில் திணறியவன் ஒரே வரியில் லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன் எழுதிக்கொண்டு வருகிறான். எங்கள் ஊர்ப் பிள்ளையின் நிரலில் இலக்கணச் சுத்தமான ஆங்கிலக் குறிப்புகள். திட்டிப் பயனில்லை, நானே அதைப் பயன்படுத்துகிறேன். வீட்டுப்பாடத்தை நிறுத்திவிட்டேன். பதிலாக, ஓடுகிற நிரல் ஒன்றை நானே கொடுத்து, “நாலாவது வரியை எடுத்துட்டா என்ன வரும்? ஓட்டாம சொல்லு” என்கிறேன். நோட்டில் கட்டம் போட்டு, ஒவ்வொரு சுற்றிலும் எந்த மாறியில் என்ன மதிப்பு என்று எழுத வேண்டும். கேமரா நோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். பிழைச் செய்தியை அந்த மெஷினிடம் ஒட்டி விளக்கம் கேட்கவும் விடுகிறேன், ஒரு நிபந்தனையோடு: திருத்தித் தரச் சொல்லக் கூடாது. கேட்கிறார்களா என்றால், பாதிப் பேர் கேட்கிறார்கள்.

ஜனவரி பிறந்ததும் திரைகளை மூடிவிடுவோம். மாநிலத் தேர்வானாலும் சிபிஎஸ்இ ஆனாலும் 70 மதிப்பெண்ணைப் பேனாவால்தான் எழுத வேண்டும். வருஷம் முழுக்க ஆன்லைனில் படித்த பிள்ளை கடைசி இரண்டு மாதம் கோடு போட்ட தாளில் பைத்தான் எழுதிப் பழகுகிறது. தாளில் டேப் கீ கிடையாது. ஆகவே இடது ஓரத்திலிருந்து பென்சிலால் மெல்லிசாக மூன்று செங்குத்துக் கோடுகள் போடச் சொல்கிறேன்: இஃப்புக்குள் வருவது முதல் கோட்டிலிருந்து, அதில் ஒரு லூப் வந்தால் லூப்புக்குள் இருப்பது இரண்டாவதிலிருந்து. எழுதி முடித்துக் கோட்டை அழித்துவிடலாம். அழிக்க நேரமில்லை என்றால் அப்படியே விட்டுவிடு, திருத்துகிறவரும் என்னைப் போல ஒரு டீச்சர்தான் என்று சொல்லியிருக்கிறேன்.